சவர்க்காரத் தண்ணீரில் சிவப்பு

அந்த ரியூசன் சேரை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இதை நான் யாருக்கும் ஒளித்ததில்லை. ஆள் நல்லவர். பிள்ளைகளுக்குக் கை நீட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார், சுகமில்லாமல் படுத்திருக்கிற பிள்ளையின் வீட்டுக்கு மோட்டார்சைக்கிளில் போய்ப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். இதெல்லாம் என் எரிச்சலைக் கூட்டுகிற விஷயங்களே தவிர, குறைக்கிறவை அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நான் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் அக்கராயன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அவர் பளைப் பக்கத்து ஆள். கிளிநொச்சி நகரத்தில் ஒரு ரியூசன் வகுப்பில் அதே விஞ்ஞானத்தைப் படிப்பிக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து என் கையில் வளர்ந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி அவரிடம் போகத் தொடங்குவார்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் வந்து இருந்துகொண்டு, "ரீச்சர், சேர் இதைச் சுகமான வழியில சொல்லித் தந்தவர்" என்பார்கள். அந்தச் சுகமான வழி நான் போன வருஷமே சொன்ன வழியாகத்தான் இருக்கும். ஆனால் அவர் வாயால் வந்தால்தான் அது அவர்களுக்கு விஞ்ஞானம்.

ஊர்ப்பிள்ளைகள் போனதையாவது பொறுத்துக்கொண்டேன். என் மகளும் போனாள். அவள் என்னுடைய பள்ளிக்கூடத்தில், என்னுடைய வகுப்பிலேயே படித்தவள். பள்ளிக்கூடத்தில் என்னை ரீச்சர் என்பாள், வீட்டில் அம்மா என்பாள். ரியூசனுக்குப் போகவேண்டும் என்று அவள் கேட்டபோது, விஞ்ஞானத்துக்கு என்னத்துக்கு ரியூசன், நான் இருக்கிறேன்தானே என்றேன்.

"வீட்டிலயும் நீங்கள், பள்ளிக்கூடத்திலயும் நீங்கள். எனக்கும் ஒரு மாற்றம் வேண்டாமோ அம்மா?" என்றாள்.

மாற்றமாம். விட்டேன். விட்டபிறகுதான் கூத்துத் தொடங்கியது. ஒருநாள் அவள் ஒளி முறிகிற படம் ஒன்று கீறிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கட்டிக்குள் போகிற கோடு மற்றப் பக்கம் சரிந்திருந்தது. இந்தக் கோடு பிழை, உள்ளுக்குச் சரியவேண்டும் என்றேன். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "சேர் அப்பிடிச் சொல்லேல்லை."

"சேர் சொன்னா நீ கிணத்துக்குள்ளயும் குதிப்பாய் போல."

"சேர் அப்பிடிச் சொல்லமாட்டார்" என்றாள் அமைதியாக. அடுத்த கிழமை அவரே அந்தக் கோட்டைத் திருத்திவிட்டார். அவள் பிழையாகப் பார்த்து எழுதியிருந்தாளாம். அதற்கு அவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். நான் சொன்னபோது திருத்தாத கோடு.

என் மனுசன் கமக்காரர். குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறதா இல்லையா என்பதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் அவருக்குப் பெரிய விஷயமில்லை. அவரே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உமக்கு எரியுது" என்றார்.

"எனக்கென்ன எரிச்சல்?"

"அடுப்பு மூட்டாமலே குசினிக்குள்ள கறி வேகும் போல கிடக்கு."

ஓம், எரிந்தது. நான் அந்தப் பிள்ளைக்கு முலைப்பால் கொடுத்து, எழுத்தும் சொல்லிக் கொடுத்து, கண்ணாடிக் குவளையில் கடலை முளைக்க வைத்து வேர் எது தண்டு எது என்று காட்டி வளர்த்தேன். எங்கிருந்தோ வந்த ஒரு மனுசன் வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு கடைசி இரண்டு வருஷத்தை அள்ளிக்கொண்டு போனால் எரியாமல் என்ன செய்யும்.

இந்த இடத்தில் அந்த மஞ்சள் கதையைச் சொல்லவேண்டும்.

அமிலங்களும் மூலங்களும் என்று ஒரு பாடம். தேசிக்காய்ப்புளி அமிலம், சவர்க்காரத் தண்ணீர் மூலம், அதாவது காரம். எது எது என்று கண்டுபிடிக்கப் பாசிச்சாயத்தாள் என்று சின்னச் சின்னத் தாள் துண்டுகள் இருக்கின்றன. தோய்த்தால் அமிலத்தில் சிவப்பாகும், மூலத்தில் நீலமாகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அது முடிந்து கனகாலம். கேட்டால் வரும் வரும் என்றார்கள், வரவில்லை. நான் ஒருநாள் மகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் தோய்க்கும்போது, முதல்நாள் கறி பட்ட மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டேன், கறை சிவப்பாக மாறியது. எல்லா வீட்டிலும் நடக்கிற சங்கதிதான். எனக்கு அன்றைக்குத்தான் பொறி தட்டியது. மஞ்சளும் நிறம் காட்டுகிற பொருள்தானே, இதை வைத்தே பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று நினைத்தேன்.

அன்று பின்னேரம் குசினியில் மஞ்சள் கரைத்து, வெள்ளைத் தாளைத் தோய்த்து, கொடியில் காயப்போட்டேன். மகள் வந்து கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டாள். தாளைத் துண்டு துண்டாக வெட்டினாள். இரண்டு பேருடைய விரல்களும் மஞ்சள். "நாளைக்கு எல்லாரும் ரீச்சர் வீட்டில நல்ல கறி போல எண்டு கேக்கப்போகினம்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தப் பின்னேரம் முழுக்க அவள் வாயில் சேர் என்ற சொல் வரவில்லை.

மறுநாள் வகுப்பு அமளிப்பட்டது. தேசிக்காய்ப்புளியில் தோய்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது. சவர்க்காரத் தண்ணீரில் வைத்த உடனே சிவந்தது. சுண்ணாம்புத் தண்ணீரிலும் சிவந்தது. கடைசி வாங்குப் பெடியள் சவர்க்காரம் தொட்டுத் தாளில் பேய்முகம் கீறினார்கள். மணி அடித்தும் ஒருத்தரும் எழும்பவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். "இதுதான் பிள்ளையள் எங்கட பாசிச்சாயத்தாள்" என்று சொன்னேன். பிறகு கரும்பலகையில், உண்மையான பாசிச்சாயத்தாள் என்றால் மூலத்தில் நீலமாகும் என்று எழுதியும் விட்டேன். சிவந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் யார் கரும்பலகையைப் பார்த்தது.

அதே பாடத்தைச் சேரும் எடுத்தார். தாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. "மூலம் என்றால் நீலம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். பிள்ளைகள் அதைத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டு திரிந்தார்கள். என் மகள் கிணற்றடியில் குளிக்கும்போதும் பாடினாள். மஞ்சள் தாள் வெட்டிய அதே பிள்ளை.

ஆகவே பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சை வந்தபோது எனக்கு ஒரேயொரு ஆசைதான் இருந்தது. அந்தப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி வரவேண்டும். என் மகள் வெளியே வந்து, அந்தச் சேருக்கும் முன்னால், இது ரீச்சர் செய்து காட்டினது, அதனால்தான் எழுதினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிள்ளைகள் நல்ல பெறுபேறு எடுக்கவேண்டும் என்று கும்பிட்டதும் உண்மை. ஆனால் கும்பிட்டு எழும்பும்போது மனதில் நின்றது அந்த ஒரு வார்த்தைதான்.

விஞ்ஞானப் பரீட்சை அன்றைக்கு வெயில் கொளுத்தியது. பரீட்சை மண்டபம் பக்கத்து ஊர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில். நாங்கள் வெளியில் படலைக்கு முன்னால் நின்றோம். தாய்மார், தகப்பன்மார், ஐஸ்கிறீம்காரர், நான். ஒரு பெரிய போத்தல் நிறையத் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோயிருந்தேன். களைத்து வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று. அப்போது அவர் வந்தார். மோட்டார்சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது. பெட்டிக்குள் ஐஸ் போட்ட தண்ணீர்ப் போத்தல்கள். வேப்பமரத்துக்குக் கீழே பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வாங்கோ ரீச்சர், நிழலுக்கை வந்து நில்லுங்கோ" என்றார். வெயிலிலேயே நின்றேன்.

மணி அடித்தது. பரீட்சை முடிந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு தனிக் கலை. முதலில் வருகிறவன் எப்போதும் ஒரே ஆள்தான். காதில் பேனையைச் செருகிக்கொண்டு, "சும்மா லேசு" என்று சொல்லிக்கொண்டு வருவான். தவணைப் பரீட்சை எல்லாவற்றையும் லேசு என்று சொல்லித்தான் கோட்டைவிட்டவன். அவனுக்குப் பின்னால் அழுதுகொண்டு ஒருத்தி. சமயப் பாடத்துக்கும் அழுதவள், தமிழுக்கும் அழுதவள், எல்லாவற்றுக்கும் வகுப்பில் முதலாவதாக வருகிறவள். அவள் அழாவிட்டால்தான் நாங்கள் பயப்படவேண்டும். இரண்டு பேர் ஓமின் விதிக் கணக்குக்கு விடை என்ன என்று சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருவன் ஒருத்தரோடும் கதைக்காமல் நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போய்த் தலையை நனைத்தான். "முடிஞ்சதைப் பற்றிக் கதைக்காதேங்கோடா" என்று வினாத்தாளை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்த ஒருவன், ஐந்து அடி போகமுதல் அதை வெளியே எடுத்து, "அந்த ஈரல் கேள்விக்கு என்ன போட்டனீ?" என்று கேட்டான்.

எல்லாரும் என்னைக் கண்டார்கள். தலையாட்டினார்கள். பிறகு வேப்பமரத்தடிக்கு ஓடினார்கள். எல்லாருக்கும் பின்னால் என் மகள் வந்தாள். என் பக்கம் வந்து, "நல்லா எழுதினனான் அம்மா" என்றாள். நான் போத்தலைத் திறக்கமுதல் அவளும் அங்கே போய்விட்டாள். ஐஸ் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். என் கையில் தேசிக்காய்த் தண்ணீர் வெயிலில் சூடேறிக்கொண்டிருந்தது.

மனம் கேட்கவில்லை, நானும் நிழலுக்குப் போனேன். அவர் வினாத்தாளின் முதற்பகுதியை வாங்கி ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். பிள்ளைகள் விடையைக் கோரஸாகச் சொன்னார்கள். சரி என்றால் துள்ளினார்கள், பிழை என்றால் நெற்றியில் அடித்தார்கள். "இது நான் போன கிழமை ஊகம் சொன்ன கேள்வி" என்றார் அவர். "ஓம் சேர், அப்பிடியே வந்திருக்கு" என்றார்கள். எலும்பு, இதயம், மின்சுற்று என்று ஒவ்வொன்றாகப் போனது. எல்லாம் சேரின் ஊகம், சேரின் வழி, சேரின் பாட்டு.

பிறகு அவர் வாசித்தார்: "சவர்க்காரக் கரைசலில் இட்ட பாசிச்சாயத்தாள் காட்டும் நிறம்."

வந்துவிட்டது. நான் கேட்ட கேள்வி. நான் ஒரு அடி முன்னுக்கு வந்தேன்.

"சிவப்பு" என்றார்கள் என் பிள்ளைகள். என் வகுப்பு முழுவதும் ஒரே குரலில். கடைசி வாங்குக் காவாலிகள் உட்பட.

சேர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். "என்ன?" என்றார். மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். "மூலம் எண்டால்?" என்று அவர் கேட்டார். "நீலம்" என்று அவர்கள் தாளம் போட்டார்கள். என் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அழுகிற பிள்ளைதான் கேட்டாள். "ரீச்சர், இதுதான் எங்கட பாசிச்சாயத்தாள் எண்டு நீங்கள் சொன்னனீங்கள்தானே? நாங்கள் செய்து பாத்தது சிவப்புத்தானே?"

"அது மஞ்சள்" என்றேன். "போர்டில என்ன எழுதினனான் எண்டு ஆருக்காவது ஞாபகம் இருக்கோ?"

ஒருத்தருக்கும் இல்லை. காதில் பேனை செருகியவன், "கேள்வி லேசெண்டெல்லோ நினைச்சன்" என்றான்.

"பரவாயில்லை ரீச்சர்" என்றார் சேர். "செய்து காட்டுறது நல்லதுதான். பிள்ளையளுக்கு மறக்கவே மறக்காது." நக்கலாகச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். நக்கலாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மனதாரச் சொல்கிறவருக்கு என்னத்தைத் திருப்பிக் கொடுப்பது.

பிள்ளைகளுக்கு ஒரு புள்ளி போனது எனக்குக் கவலைதான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த மரத்தடியில் நிற்கும்போதே எனக்குள் வேறொன்றும் எழும்பியது. அவருடைய பாட்டை, ஊரெல்லாம் தாளம் போட்ட பாட்டை, என் வகுப்பு முழுக்க மறந்துவிட்டது. நான் குசினியில் தோய்த்த தாளை ஒரு பிள்ளையும் மறக்கவில்லை. இந்த நினைப்பு வரக்கூடாத இடத்தில்தான் வந்தது. வந்ததை என்ன செய்ய.

அப்போது அவர் என் மகளைப் பார்த்தார். அவள் மட்டும் அந்தக் கோரஸில் வாய் திறக்கவில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"நீர் என்ன பிள்ளை போட்டனீர்?"

அவள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "நீலம், சேர்" என்றாள்.

"அதுதானே. கெட்டிக்காரி."

வேறு எந்தத் தாயும் என்றால் பிள்ளைக்குப் புள்ளி தப்பியதே என்று கும்பிட்டிருப்பாள். எனக்கு உச்சந்தலையில் யாரோ நெருப்பைக் கொட்டியது போல இருந்தது. வகுப்பு முழுக்க என் பக்கம் நின்று பிழைவிட்டது. நான் பெற்றவள் மட்டும் அவர் பக்கம் நின்று சரியாக எழுதியிருக்கிறாள். அந்தத் தாளை வெட்டியவளே அவள்தான். தேசிக்காய்த் தண்ணீரை வேப்பமரத்து வேரில் ஊற்றிவிட்டு வெளிக்கிட்டேன்.

மனுசன் மோட்டார்சைக்கிளோடு றோட்டில் நின்றார். மகளை நடுவில் ஏற்றிக்கொண்டு போனோம். குளக்கட்டுக்கு வந்ததும், "சோதினை ஆருக்கு? பிள்ளைக்கோ உமக்கோ?" என்று அவர் முன்னால் இருந்து கேட்டார். "றோட்டைப் பாத்து ஓடுங்கோ" என்றேன்.

பின்னேரம் நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். பேசாமல் இருக்கத்தான் நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"நீயெண்டாலும் நீலம் எண்டு போட்டியே. நல்லது" என்றேன். அந்த நல்லதில் நல்லது ஒன்றும் இருக்கவில்லை.

அவள் துவாயைத் தோளில் போட்டாள். "நானும் சிவப்பெண்டுதான் போட்டனான் அம்மா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"பாட்டு ஞாபகம் வரேல்லையோ?"

"வந்தது. ரெண்டு தரம் மனசுக்குள்ள பாடியும் பாத்தனான். ஆனா நான்தானே அந்தத் தாள் வெட்டினனான். சிவப்பாகினதைக் கண்ணால கண்டனான். பாட்டை நம்புறதோ கண்ணை நம்புறதோ எண்டு யோசிச்சுப்போட்டு, கண்ணைத்தான் நம்பினனான்."

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. ஒரு புள்ளி போய்விட்டது என்று சொல்கிற பிள்ளையை. சந்தோசம் முகத்தில் தெரிந்துவிடுமோ என்று வெங்காயத் தோலை அள்ளி வாளிக்குள் போட்டேன். இதைவிட வேறென்ன எனக்கு வேண்டும். நான் கேட்ட வார்த்தை இதுதான். ஆனால் நான் கேட்டது குசினிக்குள் அல்ல.

"அப்ப அங்க என்னத்துக்கு நீலம் எண்டு சொன்னனீ?"

"சேர் பாவம் அம்மா. எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிப்பிச்சவர். எல்லாரும் சிவப்பெண்ட உடன அவற்ற முகத்தைப் பாத்தனீங்களோ? நானும் அப்பிடிச் சொன்னா மனுசன் உடைஞ்சு போடுவார்."

"என்ர முகத்தை ஆரும் பாத்தவையோ?"

"உங்களுக்கென்ன" என்றாள், வெகு சாதாரணமாக. "நீங்கள் ஏசுவீங்கள். ஏசிப்போட்டுச் சோறு போடுவீங்கள்."

கத்தியைத் திரும்ப எடுத்தேன். சமைத்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவள் கேட்காமலே ஒரு முட்டை பொரித்து, மஞ்சள் கரு உடையாமல், அவளுடைய தட்டில் வைத்தேன். வைத்த கையோடு ஏசத் தொடங்கினேன். பொய் சொல்லப் பழகியிருக்கிறாய் என்றேன், அத்தனை சனத்துக்கு முன்னால் என்னைத் தனியே நிற்க விட்டாய் என்றேன், அந்த மனுசனுடைய முகம் தெரிகிற கண்ணுக்கு என்னுடையது தெரியாதா என்றேன்.

"முட்டையும் குடுத்து ஏச்சும் குடுக்கிற ஆள் நீர் ஒருத்திதான்" என்றார் என் மனுசன்.

"நான் சொன்னன்தானே அம்மா" என்றாள் மகள்.

நான் தொண்டை வரள ஏசிக்கொண்டிருந்தேன். அவள் மஞ்சள் கருவை விரலால் உடைத்துச் சோற்றில் பிசைந்து ஆறுதலாகச் சாப்பிட்டாள். அந்தச் சேர் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் இவள் இரண்டு நாளைக்குச் சாப்பிட்டிருக்கமாட்டாள்.